இடது கம்பத்துக்காரர்

டிரம்நஹா
23 செப்டம்பர் 1996

டிம்ப்னாவுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறதியால் அல்ல.

நேற்று மைதான வாசலில், இனி உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ, நடுவே ஒன்றரை மைல். இதற்குத் தபால்தலை ஒட்டுகிறாளே என்று தபால்காரர் கோர்மக் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கால்பந்து அரையிறுதியில் தோற்றுவிட்டோம். யாரிடம்? பாலிகராவிடம்! நாற்பத்தொரு வருடமாக அரையிறுதியின் வாசலைக்கூட மிதிக்காத பாலிகரா. நம் ஊரில் ஒருவர்கூட நாம் ஜெயிப்போமா என்று கேட்கவில்லை, எத்தனை புள்ளியில் என்றுதான் கேட்டார்கள். இறுதி ஆட்டத்துக்குப் பேருந்துகூடச் சொல்லிவைத்தாயிற்று.

கடைசி நிமிடம், ஒரே ஒரு புள்ளி குறைவு. தொட்டிலிலிருந்து நான் வளர்த்த என் பேரன் ஃபீக்ரா நாற்பது கஜத்திலிருந்து உதைத்தான். பந்து குறுக்குக் கட்டைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போயிற்று; அப்படிப் போனால் ஒரு புள்ளி. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இடது கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றவர் வெள்ளைக் கொடியைத் தூக்கியிருந்தால் ஆட்டம் சமன், அடுத்த ஞாயிறு மறு ஆட்டம். அவர் கொடியைத் தொடவில்லை. இரண்டு கையையும் விரித்து 'வெளியே' என்று காட்டினார்.

அவர் உன் வீட்டுக்காரர் மாலக்கி. நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து நாற்பத்தாறு வருடம் சாப்பிட்டவர்.

உன் கல்யாணத்தில் நம் அம்மாவோடு ஒரு சுற்று நடனம்கூட ஆடவில்லை அவர். இந்த ஆள் சரியில்லை என்று அன்றைக்கே நான் சொன்னேன்.

அட்ராக்டா

*

கில்ஷீ
26 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டால் என்ன, நான் போடுகிறேன்.

நானும் டிரம்நஹாவில் பிறந்தவள்தான். இந்த ஊருக்கு வாழ வந்ததால் என் ரத்தம் நிறம் மாறிவிடவில்லை. ஞாயிறு மாலை அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். மாலக்கி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தேநீரைக் குடிக்கவில்லை.

ஆனால் அக்கா, ஒரு உதையால்தான் தோற்றோமா? முதல் பாதியில் பதினொரு பந்தை வெளியே அடித்தார்கள், நான் விரல் விட்டு எண்ணினேன். நன்றாக ஆடிய நெட்டைப் பையனைப் பயிற்சியாளர் ஏன் வெளியே கூப்பிட்டார்? பாலிகராக்காரர்கள் பசித்த நாய்போல ஓடினார்கள், நம்மவர்கள் கோப்பையை ஏற்கெனவே அலமாரியில் வைத்துவிட்டவர்கள்போல நடந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு இடது கம்பத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

மாலக்கியின் அண்ணன் மகன், எங்கள் கஹால், நடுவராகப் போகும்போதெல்லாம் சித்தப்பா என்று இவரைத்தான் கம்பத்தடி ஆளாகக் கூட்டிப்போகிறான். எல்லா நடுவர்களும் தங்கள் வீட்டு ஆட்களைத்தானே கூட்டிவருகிறார்கள்? இருபத்திரண்டு வருடத்தில் ஒருவராவது இவரைக் குறை சொன்னது உண்டா?

உன் கடிதத்தை அவருக்கு நான்தான் வாசித்துக்காட்டினேன். மூக்குக்கண்ணாடி எங்கோ போய்விட்டதாம். சில வரிகளை விட்டுவிட்டேன். எவை என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
டிம்ப்னா

*

டிரம்நஹா
30 செப்டம்பர்

டிம்ப்னாவுக்கு,

பதினொன்று இல்லை, ஒன்பது. மற்ற இரண்டும் கம்பத்தில் பட்டுத் திரும்பியவை. எனக்கு எண்ணக் கற்றுத்தராதே. ஐந்தாம் வகுப்போடு நின்றேன் என்றாலும், 1952 அரையிறுதியில் எந்த நிமிடத்தில் யார் அடித்தார் என்று இன்றும் சொல்வேன்.

நேற்று மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கடை வாசலில் கூட்டம். ரொட்டி வாங்க நின்ற என் காதில் விழுந்ததை எழுதுகிறேன்.

"பயிற்சியாளரத்தான் மொதல்ல தொரத்தணும். நெட்டையன எதுக்கு வெளிய கூப்பிட்டாரு?"

"அவன் மூச்சு வாங்கி நின்னுட்டான்யா."

"அதெல்லாம் விடுங்க. நாப்பது கஜத்துல இருந்து நேரா அடிக்கத் தெரியாதவன்கிட்ட யாரு பந்தக் குடுத்தது?"

"அவனுக்கு கம்பம் ஒரு வீடு தள்ளித் தெரியுது போல!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் ஒருவன் என்னைப் பார்த்தான். "ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா" என்று தொப்பியைக் கழற்றினான். அவன் அப்பா 1963-இல் எங்கள் வேலியை உடைத்துவிட்டு இல்லையென்று சாதித்தவர். மன்னிப்பதாக இல்லை.

மாட்டுத்தீவன ஆலையில் ஃபீக்ராவுடைய லாரிக் கதவில் சுண்ணக்கட்டியால் இரண்டு கம்பம் வரைந்து, வெளியே ஒரு பந்தும் போட்டிருக்கிறார்கள். அவன் துடைக்கவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினான். பூட்ஸ் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, சேறுகூடக் கழுவவில்லை. அங்கே வேலை உண்டா என்று கேட்டு, பாஸ்டனில் இருக்கும் அவன் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறான்.

ஆட்டம் முடிந்த அன்றே கேட்டேன். இரண்டு கையையும் தூக்கி, இடைவெளி விட்டுக் காட்டினான். "ஒரு அடி உள்ள போச்சு பாட்டி. கால விட்டுப் போனப்பவே தெரியும்." அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வீடியோ எடுத்த ஆசிரியரிடமும் போனேன். அந்த நொடியில் அவர் கேமராவைப் புள்ளிப் பலகைக்குத் திருப்பியிருந்தாராம். என்ன படிப்பு படித்தாரோ!

மறு ஆட்டம் கேட்கவில்லை. நடுவர் எழுதிக்கொடுத்தது எழுதியதுதான் என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: 'பந்து உள்ளே போயிற்று, தப்பு என்னுடையது' என்று உன் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். நம் பிள்ளையின் பெயர் இந்த ஊரில் அந்த உதையோடு ஒட்டிக்கொண்டு சாகக்கூடாது.

இன்னொன்று. அன்று மைதானத்துக்குள் வரும்போது மாலக்கி உன் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தார். நாற்பத்தாறு வருடத்தில் இல்லாத கொஞ்சல் இப்போது எங்கிருந்து வந்தது?

அட்ராக்டா

*

கில்ஷீ
4 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

உன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

அது கொஞ்சல் இல்லை. மாலக்கிக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பால் ஊற்றியதுபோல இருக்கிறதாம். ஈஸ்டரிலிருந்து இப்படித்தான். எனக்கு மட்டும்தான் தெரியும். கஹாலுக்குத் தெரியாது. கண்ணாடி தொலையவே இல்லை, மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

'அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்' என்று எத்தனையோ முறை சொன்னேன். மாடுகளை விற்ற பிறகு அவருக்கு இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அக்கா. காரில் நாலு பேர், போகிற வழியெல்லாம் பேச்சு, ஆட்டம் முடிந்து எங்காவது சூடாக ஒரு சாப்பாடு. சனிக்கிழமை நான் கோட்டைத் தேய்த்து நாற்காலி முதுகில் போட்டால், வந்து தடவிப் பார்ப்பார். இந்த வருடம் சின்ன ஆட்டங்களுக்கு மட்டும் போகட்டும் என்று நினைத்தேன். அரையிறுதியைக் கஹாலுக்குக் கொடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கேட்டேன். அந்தப் பந்தைப் பற்றித்தான். எழுந்து வெளியே போய்விட்டார். புதன்கிழமை உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்:

"பந்து மேகத்துக்குள்ள போச்சு டிம்ப்னா. எனக்குத் தெரியல. எதிர்க் கம்பத்து ஆளப் பாத்தேன். வெள்ளையா ஒருத்தன் ரெண்டு கையையும் விரிச்சிட்டு நின்னான். சரி, அவன் பாத்துட்டான்னு நானும் விரிச்சேன்."

பாலிகராவின் கோல்காப்பாளன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான் அக்கா. இவர் பார்த்தது அவனைத்தான். எந்தக் கோல்காப்பாளன்தான் ஒவ்வொரு பந்துக்கும் 'வெளியே வெளியே' என்று கையை விரிக்காமல் இருப்பான்? எதிர்க் கம்பத்து ஆளோ, இது மாலக்கியின் பக்கம், அவர் சொன்னால் சரிதான் என்று சும்மா நின்றிருக்கிறார்.

உன் கடிதத்தில் ஃபீக்ரா 'ஒரு அடி' என்று காட்டியதை மட்டும் நான் அவருக்கு வாசிக்கவில்லை. உள்ளேயா வெளியேயா என்று தெரியாமலேயே அவர் பாதியாகிவிட்டார். தெரிந்தால் என்ன ஆவாரோ!

இதை உன்னோடு வைத்துக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை,
டிம்ப்னா

*

டிரம்நஹா
7 அக்டோபர்

டிம்ப்னா,

மூன்று முறை படித்தேன். 

குருடரைக் கம்பத்தடியில் நிறுத்தினாய். கோட்டைத் தேய்த்தும் கொடுத்தாய்! ஊர் முழுக்க என் பேரனைப் பார்த்துச் சிரிக்கிறது, நீ 'உன்னோடு வைத்துக்கொள்' என்கிறாய். 1949-இல் என் நீலக் கோட்டை இரவல் வாங்கிப் போய்ப் பொத்தான் இல்லாமல் திருப்பிக் கொடுத்தபோதும் இதையேதான் சொன்னாய்: 'அம்மாவிடம் சொல்லாதே அக்கா.' சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கிறேன். மாலக்கி தன் வாயால் ஃபீக்ராவிடம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்று நான் சொல்வேன். என் குரல் இன்னும் பாலம் வரை கேட்கும்.

அட்ராக்டா

*

கில்ஷீ
14 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டார்.

உன் மிரட்டலால் அல்ல. அதை நான் அவருக்கு வாசித்துக்காட்டவே இல்லை. சனிக்கிழமை அவராகவே "நாளைக்கு என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ" என்றார்.

நான்கு சாலை முனையில் ஃபீக்ரா ஏணி மேல் நின்று, ஆட்டத்துக்குக் கட்டிய அரக்கு நிறக் கொடித் தோரணங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வேறு யாருக்கும் அதைத் தொட மனமில்லையாம், அவனாகவே ஏணியைத் தூக்கிவந்தானாம். நான் காரை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். மாலக்கி தடவித் தடவிப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு, மாலக்கி தாத்தாவா? ஏணி நல்லாத்தான் நிக்குது, விடுங்க."

"நீ மேலயே இரு தம்பி. மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது, பாத்தாலும் தெரியாது. எனக்குக் கண்ணு போச்சுப்பா. அன்னைக்கு உன் பந்த நான் பாக்கவே இல்ல. பாலிகரா கோல்காரன் கைய விரிச்சான், நானும் விரிச்சேன்."

 தோரணத்தின் ஒரு முனை அவிழ்ந்து மாலக்கியின் தோள்மேல் விழுந்தது. அவர் அதை எடுக்காமல் நின்றார்.

"எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன். பந்து உள்ள போச்சா இல்லையான்னு மட்டும் நீ சொல்லு. தூக்கமே வரல தம்பி."

ஃபீக்ரா மெதுவாக ஏணியில் இறங்கி வந்தான். அவர் தோளில் கிடந்த கொடிகளை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்:

"வெளியதான் தாத்தா போச்சு. ரெண்டு அடி வெளிய. கண்ணு இல்லாமலே சரியாச் சொல்லியிருக்கீங்க, கண்ணு இருக்கறவனுங்க நாலு பேருக்கு நீங்க பாடம் எடுக்கலாம்."

"சத்தியமா?"

"நான் அடிச்ச பந்து எனக்குத் தெரியாதா? யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம். போய்க் கண்ணக் காட்டுங்க மொதல்ல."

மாலக்கி காரில் ஏறியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். வீடு வந்ததும் மூன்று உருளைக்கிழங்கு கேட்டுச் சாப்பிட்டார். கஹாலைக் கூப்பிட்டுக் கோட்டைக் கொடுத்துவிட்டார். கண் ஆபரேஷனுக்கும் சம்மதித்துவிட்டார். சரியாகச் சொல்லிவிட்டு விலகுகிறேன் என்று ஒரு பெருமைகூட அவருக்கு.

அக்கா, ஃபீக்ரா 'ஒரு அடி' என்று காட்டியதாக நீ எழுதிய அந்தச் செப்டம்பர் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து இன்னொரு முறை படித்தேன். திரும்ப மடித்து வைத்துவிட்டேன்.

உன் பதில் வந்ததா, வந்ததா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் அவருக்கு என்ன வாசிக்க?

டிம்ப்னா

*

டிரம்நஹா
17 அக்டோபர்

அன்புள்ள டிம்ப்னாவுக்கும் மாலக்கிக்கும்,

இந்தத் தாளை ஒரு வரி விடாமல் உரக்க வாசி.

மாலக்கி, பந்து வெளியேதான் போயிற்று. நான் மண்மேட்டில் நின்றிருந்தேன், எனக்கு முன்னால் ஒரு தடியன் தொப்பி போட்டு நின்றான், தப்பாகப் பார்த்துவிட்டேன். எழுபத்தாறு வயதில் ஒருமுறை தப்பாகப் பார்த்தால் குற்றமில்லை. நீங்கள் கொடுத்த முடிவு சரி. தோற்றதற்குப் பயிற்சியாளர்தான் காரணம், அந்த ஆளை நான் விடப்போவதில்லை.

ஆபரேஷனுக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். டிம்ப்னா பட்டணத்தில் கார் ஓட்டினால் மற்ற கண்ணும் போய்விடும், ஃபீக்ரா ஓட்டிவருவான். அவன் செவ்வாய்க்கிழமை பூட்ஸைக் கழுவிக்கொண்டு மைதானத்துக்குப் போனான். பாஸ்டன் கடிதம் பாதியோடு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வாருங்கள்.

உங்கள் அட்ராக்டா

*

(இரண்டாவது தாள். இது உனக்கு மட்டும்.)

டிம்ப்னா,

அவனிடம் கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "வெளியதான் போச்சு பாட்டி" என்றான்.

"அடேய், ஒரு அடி உள்ளன்னு நீதானே கையக் காட்டுனே?"

"கைய மாத்திக் காட்டிட்டேன் போல. வெண்ணெயக் கொஞ்சம் இப்படித் தள்ளு."

நாலு வாரம் யாருடைய பெயருக்காக ஊரோடும் உன்னோடும் சண்டை போட்டேனோ, அவனே அதைத் தூக்கி ஏணிக்குக் கீழே நின்ற மனிதருக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இன்று காலைகூடக் கடையில் 'ஒரு வீடு தள்ளி' என்று ஒருவன் கத்தினான். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

பந்து உள்ளே போயிற்று. ஒரு முழு அடி. தொப்பிக்காரன் யாரும் என் முன்னால் நிற்கவில்லை.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. ஞாயிறு வரும்போது நீலக் கோட்டுக்குப் பொத்தான் ஒன்று கொண்டுவா. கோட்டு இன்னும் இருக்கிறது.

உன் அக்கா