குளிரில் அந்தப் படி ஏறாதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டுமே என்றுதான் இந்தக் கடிதம். அந்த மலையில் உன் போன் எடுப்பதில்லை. சாமான் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிண்டல் பண்ணாமல் கடைசி வரை படி.

நீ வேலை பார்க்கும் மின்கோபுரத்தில் கால் வைத்து ஏறும் கறுப்புப் பிளாஸ்டிக் படிகள் எங்கள் ஆலையில் வார்த்தவை. உறுதிக்காகக் கண்ணாடித் தூள் கலக்கிறோம். வெயிலில் ஆள் ஏறினால் லேசாக வளைந்து கொடுக்கும். கடுங்குளிரில் விறைத்துவிடும். மெல்ல மிதித்தால் தாங்கும். சட்டென்று உதைத்தால் தூளைச் சுற்றி விரிசல் விட்டு ஒடிந்துவிடும்.

"குளிர்ச் சோதனையில் தேறிவிட்டது என்று நீதானே சொன்னாய்" என்பாய். தேறிய கதையைக் கேள். குளிர்பெட்டி ஓர் அறையில், அடித்துப் பார்க்கும் இயந்திரம் வேறு அறையில். எங்கள் சோதனைக்காரர் குளிர்ந்த படித் துண்டை எடுத்து வந்து, கோணாமல் பொருத்தி, மட்டம் பார்த்து, நடுவில் ஒரு வாய் டீயும் குடித்துவிட்டுத்தான் அடிப்பார். அவ்வளவு கவனம்! அதற்குள் குளிரெல்லாம் போய்விடும். நேற்று நான் பெட்டியை இயந்திரத்தின் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு, எடுத்த கையோடு அடித்துப் பார்த்தேன். பிஸ்கட் மாதிரி உடைந்தது.

மேலாளரிடம் ஓடினேன். "அவசரப்படாதீங்கம்மா, இன்னொரு தடவை பாத்துட்டு மேல சொல்லலாம்" என்கிறார். அவர் தம்பியா அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறான்?

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆனால் நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் அலைவதைப் பார்த்து, "என்னடி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். பாலை வேறு பொங்கவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ ஏறுகிற அழகு எனக்குத் தெரியாதா? மாடிப்படியிலேயே தாவித்தானே ஏறுவாய். இரும்புப் படி மாற்றும் வரை ஏறவே ஏறாதே. கூட இருப்பவர்களையும் ஏற விடாதே. பயந்தாங்கொள்ளி என்று யாராவது சிரித்தால், அக்கா ஒரு ராட்சசி என்று பழியை என் மேல் போடு. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா.

லாரி திரும்பும்போது பதில் அனுப்பு. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. எழுதச் சோம்பலாக இருந்தால் வெறும் தாளில் கிறுக்கியாவது கொடு. உன் கிறுக்கல் எனக்குத் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா.

உன் மேல் எப்போதும் எரிந்து விழும்
அக்கா