கோக்கிற மணி

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, நான், இவர், மகள். நாலே பேர். பேச்சு, மாதம் தவறாமல் காய்ச்சலில் விழும் பன்னிரண்டு வயதுக்காரியைப் பற்றி.

"கிருமியோட சண்டை போடுற வெள்ளணுவுக்குள்ள இழைமணின்னு இருக்கும்மா. சாப்பாட்டைச் சக்தியா மாத்துறது அதுதான். இவளுக்கு அதுல கோளாறோன்னு சந்தேகம். இழைமணி அம்மாகிட்டேருந்துதான் பிள்ளைக்கு வரும். உங்க ரத்தத்தையும் பாக்கணும்."

"அப்ப என் சிப்பாய்ங்க எல்லாம் பட்டினியா, டாக்டர்?" என்றாள் மகள். இவர்கூடச் சிரித்துவிட்டார்.

"வேளைக்குச் சாப்பிடுறாளா?"

"ஒரு வேளை தப்பாது" என்றேன்.

ஜூன் 4

துணி உலர்த்தும்போது காது அடைத்துக்கொண்டது. ஒரு துளி ரத்தத்தில் எத்தனை ஆயிரம் மணிகள்! எல்லாம் மெல்ல ஒலிப்பதுபோல. கண்ணை மூடி நின்றேன். தண்ணீர் சொட்டி முழங்கை நனைந்தது.

ஜூன் 5

மகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! அது அடிக்கிற மணி இல்ல. கோக்கிற மணி. நூல்ல கோப்போமே, அது."

நூல் என்னிடமிருந்து போனதா? அப்படியானால் அறுந்த இடமும் என்னுடையதுதானோ?

ஜூன் 7

ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

காய்ச்சலுக்கு ஒரு நோட்டு. நோன்புக்கு வேறு நோட்டு, அது கடவுளுடையது. இரண்டையும் அருகருகே விரித்தேன். மாதக் கடைசி இரண்டு நாள் எங்கள் நோன்பு, தண்ணீர் மட்டும். காய்ச்சல்: மார்ச் 3, ஏப்ரல் 2, மே 3, ஜூன் 1.

நேர்ந்துகொண்டதே, எப்போதாவது வந்துகொண்டிருந்த அவள் காய்ச்சல் தீரத்தானே! என்னோட சேர்ந்து பிள்ளையையும் வாட்டினேனே... டாக்டர் கேட்டப்ப ஏன் நினைவுக்கு வரல?

ஜூன் 9

டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. "இனிமே அவ ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது. மத்ததைப் பரிசோதனை சொல்லட்டும்." என் ரத்தமும் எடுத்தார்கள்.

ஜூன் 29

"இன்னிக்கு நோன்பு இல்லியா?" என்றாள்.

"தட்டை எடு."

"உனக்கு?"

"ரெண்டா எடு."

ஜூலை 8

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. காய்ச்சல் நோட்டில் இந்த மாதப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. ஜன்னல் வெயில் அதன்மேல் ஊர்ந்துபோவதை நெடுநேரம் பார்த்திருந்தேன்.

கடவுளே, வாக்கு மீறினேன். சாப்பாட்டுக்குப் பதிலாக வேறு எதை விடட்டும்? சீக்கிரம் சொல்.