உருபம்பா பள்ளத்தாக்கில் ஜஸீலாவும் நானும்

ஜூன் 3, 2025. மயிலாடுதுறை

பணி ஓய்வு பெற்று மூன்று நாள். காலை எட்டு மணிக்கு வழக்கம்போலப் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். போக இடமில்லை. முப்பத்திரண்டு வருடம் புவியியல் நடத்திய பழக்கம்.

இரவு ஜஸீலா போனில் பேசினாள், பெரு நாட்டிலிருந்து. கல்லூரித் தோழி. அவள் கணவர் மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. கூத்தாநல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டு, லிமாவில் வேலை பார்க்கும் மகன் அஸாரோடு போய் இருக்கிறாள்.

"ரிட்டயர் ஆயிட்டேல்ல? இனி என்ன சாக்கு சொல்லுவே? கிளம்பி வாடி பாரதி. அந்தப் பள்ளத்தாக்குக்கு உன் கூடத்தான் போவேன்னு அஸார்கிட்ட சொல்லிட்டேன்."

அந்தப் பள்ளத்தாக்கு! கும்பகோணம், கல்லூரி விடுதி, பதினாலாம் நம்பர் அறை. அதன் படத்தைப் பழைய பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள் ஜஸீலா – மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல், கீழே ஆறு. வாய்க்கால் கரையைவிட உயரமான மேட்டைப் பார்த்திராத எங்கள் இருவருக்கும் அது வேறு உலகம். பரீட்சைக்குப் படிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த முகத்தோடு?

ஜூன் 5

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவ்வளவு தூரமா?" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போயிட்டு வா. அந்தம்மா பேரை எடுத்தாலே உன் முகம் மாறிடுது. என்னன்னு நானும் கேட்டதில்ல" என்றார்.

இத்தனை வருடமாகக் கவனித்திருக்கிறார். சொல்லிவிட வேண்டும். இவரிடம் அல்ல, முதலில் அவளிடம். நேரில்.

ஆகஸ்ட் 13. லிமா

முப்பத்திரண்டு மணி நேரப் பயணம். கால் வீங்கிவிட்டது. விமான நிலையத்தில் ஜஸீலா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முடி முழுக்க நரைத்திருக்கிறது. சிரிப்பு மட்டும் அப்படியே.

ஆகஸ்ட் 16. பீசாக்

பார்த்துவிட்டேன். இத்தனை வருடம் பாடப் புத்தகத்தின் மங்கலான படத்தைக் காட்டி "இன்கா மக்கள் மலைச்சரிவில் படிக்கட்டு வயல்கள் அமைத்தனர்" என்று நடத்தியிருக்கிறேன். அந்த வரிக்குள் இவ்வளவு பெரிய மலை இருப்பது எனக்கே தெரியாது. ஒவ்வொரு படிக்கும் ஆளுயரக் கல்சுவர். சாந்து இல்லை, இடுக்கில் விரல் நுழையவில்லை. வெகு கீழே உருபம்பா ஆறு, பக்கத்தில் அறுவடை முடிந்த சோளக் காடு.

ஜஸீலா மூச்சு வாங்க மேலே ஏறி, அந்தக் காலம் மாதிரி சம உயரக் கோடுகளை விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். வகுப்பில் அவள் வரைபடத்துக்கு ஈடு கிடையாது. என் டிரேசிங் தாளில் கோடு கோணினால் பிடுங்கி அவளே திருத்தித் தருவாள். மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டே மூன்று கரண்டி ஊற்றிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை காவிரிக் கரையில் ஒரு பொட்டலம் கடலையை இரண்டாகப் பிரிப்போம். பெரிய பங்கு எனக்குத்தான் வரும்.

எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு அமெரிக்கக்காரர் எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார்.

இன்று சொல்லவில்லை. இன்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 17. ஒயாந்தைதாம்போ

சொல்லிவிட்டேன்.

இந்த ஊர்த் தெருக்களில் இன்கா காலத்துக் கல்வாய்க்கால் இன்னும் ஓடுகிறது. காலையில் அதன் ஓரம் உட்கார்ந்திருந்தோம். "ஆத்துல தண்ணி விட்ட அன்னிக்குக் கேக்கிற மாதிரியே சத்தம்டி" என்றாள். அப்போது சொன்னேன். ஏன் அப்போது என்று தெரியவில்லை.

1986 மே. இருவரும் சென்னையில் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்திருந்தோம், விடுதி முகவரி கொடுத்து. சான்றிதழ் வாங்க நான் போனபோது வார்டன் ஒரு கடிதத்தைத் தந்து, "கூத்தாநல்லூர்ப் பொண்ணுக்கு வந்திருக்கு, சேத்துடு" என்றார். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். ஜஸீலாவுக்கு இடம். பத்து நாளுக்குள் சேர வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அன்றே எனக்கு வந்திருந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்தது.

கொடுக்கவில்லை. பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் அந்த இடம் எனக்கு என்று கடிதம் வந்தது. செப்டம்பரில் ஜஸீலாவுக்கு நிக்காஹ். போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எல்லாம் சொன்னேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்டர் வரட்டும், அனுப்புறேன்னு அத்தா சொன்னாங்க. ஹாஸ்டலுக்கு வந்தா வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாங்கன்னு, தினமும் போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்குக் கடையை விட்டுட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. எனக்கு மார்க்கு பத்தலைன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாங்க."

அவள் அப்பாவைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒருநாளும்.

எழுந்தாள். "சரி. நீங்க ரூமுக்குப் போங்க."

நீங்க.

ஆகஸ்ட் 18

"டீ குடிச்சீங்களா?" இன்று முழுக்க அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19. மராஸ்

அஸார் ஏற்கெனவே வண்டி பேசி வைத்திருந்ததால் இரண்டு பேரும் போனோம், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. மலைமேல் உப்பளம்! கடலே இல்லாத இடத்தில், ஒரு உப்பு ஊற்றுத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சரிவு முழுக்க வெள்ளை. மூன்றாம் ஆண்டில் வேதாரண்யம் உப்பளத்துக்குக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. அன்று என் செருப்பு சேற்றில் போய், அவள் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பினோம். யாரிடம் சொல்ல?

மேலே ஏறும்போது எனக்கு மூச்சு அடைத்தது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. கண் இருட்டி வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போனவள் திரும்பி வந்தாள். முதுகைத் தடவினாள். உப்பு விற்ற ஒரு பெண்ணிடம் சைகையில் கேட்டு, அங்கே மூச்சடைப்புக்குக் குடிக்கும் கோகா இலைத் தண்ணீர் வாங்கி வந்து புகட்டினாள். மூச்சு சீரானதும் கத்தினாள்.

"ஏன்டி சொன்னே? உன் பாரம் எறங்கிடுச்சுல்ல? அந்தப் பதினாலாம் நம்பர் ரூமுதான் எனக்குன்னு இருந்த நல்ல காலம். எத்தனை வருஷமா அதை நெனச்சு நெனச்சு சந்தோஷப்பட்டிருக்கேன்! சீட்டைத்தான் எடுத்தே, இப்ப அதையும் எடுத்துட்டே."

"ஜஸீ –"

"பேசாதே. நல்லாத்தான் வாழ்ந்தேன். அவரு தங்கமான மனுஷன். அஸார் இருக்கான். ஆனா நான் தேடிக்கிட்டதா அது? எனக்குக் கேக்கவே இல்லையே பாரதி, வேற ஒரு கதவு தெறந்த சத்தம்."

கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். வண்டி வந்ததும் விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 22. லிமா விமான நிலையம்

அஸார் மட்டும் வந்தான். "அம்மாவுக்குத் தலைவலியாம், ஆன்ட்டி." பெட்டியை உள்வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தான்.

செப்டம்பர் 9. மயிலாடுதுறை

மூன்று முறை செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

அவரிடமும் சொன்னேன். "இருபது வயசு உனக்கு" என்றார். அவளுக்கும் இருபதுதானே.

அக்டோபர் 26

விடாத மழை. சம்பா நாற்றெல்லாம் தண்ணீரில். பீசாக்கில் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிறோம். அதில் எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. ஆனால் பதினாலாம் நம்பர் அறையில் எல்லாமே நிஜம், கடிதம் அதற்குப் பிறகுதானே வந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சிரிப்பில் பொய் இல்லை ஜஸீ.

டிசம்பர் 14

கூத்தாநல்லூர் திரும்பிவிட்டாளாம். அஸார்தான் சொன்னான். போகலாமா? எழுதலாமா? ஒரு கடிதத்தால் கெட்டது. இன்னொரு கடிதம் எதற்கு.

ஜனவரி 25, 2026. ஞாயிறு

மதியம் அழைப்பு மணி. ஜஸீலா. கையில் துணிப்பை, நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"அஞ்சல் வழியில எம்.ஏ. சேந்திருக்கேன். புவியியல்" என்றாள், உள்ளே வருமுன்பே. "சந்தேகம் கேக்க ஆள் வேணும். எனக்குத் தெரிஞ்ச வாத்தியார் நீ ஒருத்திதான்."

நான் பையை வாங்கிக்கொண்டேன்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே."

"நெனைக்கல."

"நெனைக்கவும் கூடாது. தண்ணி குடு. பொறவு உக்காரு, வளிமண்டலத்துல ஆரம்பிக்கணும்."

இரண்டரை மணி நேரம் படித்தோம். அவர் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார். காற்றழுத்தப் பகுதியை நான் விளக்கும்போது நடுவில் நிறுத்தி, "இது சரியில்லையே" என்றாள். புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. எத்தனை வருடமாகத் தப்பாக நடத்தியிருக்கிறேன்! நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தெருமுனை வரை கூடப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தேன்: அவள் கொண்டுவந்த புத்தகங்கள், நோட்டு, மூடி கழற்றிய பேனா, எல்லாவற்றையும் மேசைமேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பேனாவை மட்டும் மூடி வைத்தேன்.