ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பைத்தான்

செவ்வாய், இரவு.

புதுக் கணக்குப் புரோகிராம், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் புதிய பதிப்பைக் கேட்டது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான் என்று பழைய பைத்தானை நானே அழித்தேன். உப்பு லாரிகளுக்கு எடைச்சீட்டு அடிக்கும் புரோகிராம் அத்தோடு செத்தது. எங்கள் உப்பள எடைமேடையிலிருந்து ஆறுமுகநேரி வரை லாரிகள் நின்றன. கடலே உப்புக்கு ஏங்கியிருக்கும்.

அக்கா மகள் ஜெனிபர் வந்தாள்.

"பழச ஏன் மாமா அழிச்சிய? ரெண்டும் இருக்கலாமே."

"ஏளா, சண்டை போடாதா?"

"அது என்ன, நீங்களும் அம்மாவுமா? எந்த ஃபோல்டருக்கு எதுன்னு சொல்லிட்டா, அதது வேலையப் பாக்கும்."

பழையதைத் திரும்ப ஏற்றி ஒரு வரி தட்டினாள். புதியது முகம்கூடச் சுளிக்கவில்லை. பழையது உயிர்த்தெழுந்து சீட்டைத் துப்பியது. லாரிகள் நகர்ந்தன. உலகைப் படைத்தவர்கூட இத்தனை சத்தமில்லாமல் செய்திருக்க மாட்டார்.

கம்ப்யூட்டரை அணைக்க மனம் வரவில்லை. ஓடட்டும். அணைத்து, காலையில் இருவரில் ஒருவர் எழுந்திருக்காவிட்டால், மறுபடி ஆறுமுகநேரி வரை லாரிதான்.