மாடி அறையின் வெந்நீர்

மார்ச் 4, செவ்வாய்

மாடியில் மூன்று நாள் தங்கியிருந்த புகைப்படக்காரர் காலையில் கிளம்பினார். விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு கிளினிக்குக்கு ஓடினேன். பன்னிரண்டு ஊசி, இரண்டு கட்டு. வீடு திரும்பினால் கதவிடுக்கில் நகராட்சிக் கடிதம்.

வீட்டை நாள்கணக்கில் வாடகைக்கு விடுகிறவர்கள் இனி உரிமம் வாங்க வேண்டுமாம். ஆய்வாளர் வந்து பார்ப்பார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிம எண் இல்லாமல் இணையத்தில் விளம்பரம் கூடாது.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். "நம்ம வீட்ல நாம யாரைத் தங்க வெச்சா இவங்களுக்கு என்னவாம்?"

எனக்கும் அதே கேள்விதான். ஆறு வருஷமாக நடத்துகிறோம். ஒரு புகார் உண்டா?

மார்ச் 9, ஞாயிறு

விண்ணப்பம் பதினோரு பக்கம். கட்டிலுக்கும் கதவுக்கும் எத்தனை அடி, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் – பெண் கேட்டு வருகிறவர்கள்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள். இவர் பட்டறையிலிருந்து டேப்பை எடுத்து வந்து முணுமுணுத்துக்கொண்டே அளந்தார். மரவேலை செய்கிறவர், அளவு மட்டும் அரை அங்குலம் பிசகாது.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் அக்கம்பக்கத்துக்கு நாங்கள் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டு, "இதுக்கெல்லாமா கையெழுத்து?" என்று சிரித்தார்.

மார்ச் 15, சனி

ஆய்வு புதன்கிழமை பத்து மணிக்கு. அரை நாள் விடுப்பு. தண்டம்.

மார்ச் 19, புதன்

நடந்ததை வரிசையாக எழுதினால் மனசு அடங்குமா என்று பார்க்கிறேன்.

ஆய்வாளர் சின்னப் பெண். தன்னைவிடப் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். படிக்கட்டின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். ஸ்விட்சுகளைப் போட்டு அணைத்தாள். எல்லாவற்றுக்கும் டிக். நானும் இவரும் பெருமையாகத்தான் பின்னாலேயே போனோம். அப்புறம் மாடிக் குளியலறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"இந்த ஹீட்டர் கேஸ்ல ஓடுறதா மேடம்?"

"ஆமா."

"புகை எங்க போகுது?"

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. நானும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. "மேல குழாய் போகுதே" என்றேன்.

வெந்நீரைத் திறந்துவிட்டு, செல்போன் அளவில் ஒரு கருவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். "அஞ்சு நிமிஷம் பார்ப்போம்."

மூன்றாவது நிமிஷத்தில் அது அலற ஆரம்பித்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடித் தண்ணீரை மூடினாள், கேஸை மூடினாள், படுக்கையறை ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். "ரெண்டு பேரும் கீழ போங்க. இப்பவே."

வாசற்படியில் உட்கார வைத்துச் சொன்னாள். குழாய் கூரைப் பலகைக்கு மேலே போய் நின்றுவிடுகிறது. வெளியேற வழி இல்லாமல் புகை மொத்தமும் அறைக்கே திரும்புகிறது. கார்பன் மோனாக்சைடு. "வாசனை வராது மேடம். கண்ணுக்கும் தெரியாது."

எனக்குச் சொல்கிறாள். பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருக்கிற எனக்கு.

குழாய் முன்பு ஒரு சின்ன ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. போன செப்டம்பரில் அந்த ஜன்னலை மூடச் சொன்னது நான். கறை படிந்து, போட்டோவில் அசிங்கமாகத் தெரிந்தது. இவர் ஜன்னலுக்கும் கூரைக்கும் சேர்த்துப் பலகை அடித்து வெள்ளை பூசினார். விளம்பரப் படம் பளிச்சென்று வந்தது.

ஜன்னலை மூடியதை இவர் அவளிடம் சொன்னார். போகும்போது கேட்டாள். "அதுக்கப்புறம் தங்கினவங்க யாராவது தலைவலி, தலைசுத்தல்னு சொன்னாங்களா?"

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 20, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. செப்டம்பரிலிருந்து தங்கியவர்கள் விளம்பரம் போட்ட இணையத் தளத்தில் எழுதிய கருத்துகளை ஒன்று விடாமல் படித்தேன். முப்பத்தொரு குடும்பம்.

"வீடு பிரமாதம். பயணக் களைப்போ என்னவோ, இரண்டு நாளும் தலைவலி." நான் எழுதிய பதில்: "அடுத்த முறை வந்து நன்றாக ஓய்வெடுங்கள்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

இப்படி நான்கு பேர். ஐந்தாவது ஆள் எழுதவில்லை. நேரிலேயே வந்தாள். அக்டோபரில், ஆறு மாதக் கர்ப்பிணி. தலை கனக்கிறது, குமட்டுகிறது என்று கீழே இறங்கி வந்தாள். நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், மாத்திரை கொடுத்தேன். "மசக்கை சிலருக்கு இவ்வளவு நாள் இருக்கும்மா, போய்ப் படு" என்று மேலே அனுப்பினேன்.

மேலே அனுப்பினேன். நானே.

மார்ச் 21, வெள்ளி

ஆய்வாளரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீயா எதுக்குப் போய் வாயைக் குடுக்குற? கேஸாயிடும்."

"ஆகட்டும்."

"பலகை அடிச்சவன் நான். மாட்டப் போறதும் நான்தான்."

"அடிக்கச் சொன்னது நானுங்க."

பட்டறைக்குள் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "நானும் கூட வரேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

நகராட்சி அலுவலகம். அவள் மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

டப்பாவை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஐந்து பேரையும் எழுதிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உரிமம் இப்போதைக்குக் கிடையாது. இதை நான் மேல அனுப்பியாகணும்." பேனாவை மூடிக்கொண்டே, "தங்கிட்டுப் போனவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

அடக் கடவுளே. இது எனக்குத் தோன்றவே இல்லையே. நான்கு நாளாக என் பயத்தையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

முப்பத்தொரு பேருக்கும் தளத்தின் வழியாக எழுதி அனுப்பிவிட்டேன். "நீங்கள் தங்கிய நாட்களில் எங்கள் குளியலறையில் விஷவாயு இருந்திருக்கிறது. தவறு எங்களுடையது. உடம்புக்கு ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் இதைக் காட்டுங்கள்."

சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் வாய்க்கு வந்தபடி எழுதினார். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கர்ப்பிணிப் பெண்ணிடமிருந்து பதில் இல்லை.

ஜனவரியில் பிரசவம் ஆகியிருக்கும்.

மார்ச் 28, வெள்ளி

பதில் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

இல்லை. நான் அனுப்பியதை அவள் திறந்தே பார்க்கவில்லை என்று தளம் காட்டுகிறது. திறக்க முடியாத நிலையா? என்ன நிலை? வேண்டாம், எழுத வேண்டாம்.

ஏப்ரல் 2, புதன்

கிளினிக் இடைவேளையில் போன் அடித்தது.

"சிஸ்டர், அக்டோபர்ல உங்க மாடில தங்கியிருந்தேனே, நான்தான் பேசுறேன்."

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. நல்ல பலமான அழுகை.

"நல்லா இருக்கான் சிஸ்டர். எல்லாம் செக் பண்ணியாச்சு."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள்தான் மேலே சொன்னாள். "கிளம்புற அன்னைக்குக் காலைல உங்க பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டேன். கூப்பிட்டுப் பார்த்துட்டு, எங்க வீட்டுக்காரர் தோளால இடிச்சுத்தான் கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் பேர்ந்துடுச்சு. சொன்னா என்ன சொல்வீங்களோன்னு அப்படியே ஒட்டி வெச்சுட்டுக் கிளம்பிட்டோம்."

தாழ்ப்பாள். அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு அவர்களைப் பற்றி அந்தத் தளத்தில் எழுதினேன்: "பிறர் பொருளின் அருமை தெரியாதவர்கள். இடம் கொடுப்பவர்கள் யோசித்துக் கொடுக்கவும்."

"அதைப் படிச்சேன் சிஸ்டர். அதனாலதான் நீங்க அனுப்பினதைத் திறக்காம வெச்சிருந்தேன். இன்னும் திட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

என்ன பேசினேன் என்று நினைவில்லை. அழுதேன் போல. அவள் கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"அதை மட்டும் எடுத்துடுறீங்களா? அதுக்கப்புறம் எங்களுக்கு யாரும் வீடு குடுக்க மாட்டேங்கிறாங்க."

ஏப்ரல் 3, வியாழன்

தளத்தாருக்கு உள்ளது உள்ளபடி எழுதினேன். மாலைக்குள் நீக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டு விளம்பரத்தையும் நீக்கச் சொல்லிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

இவர் பலகையைப் பெயர்த்துப் போட்டார். பழைய ஜன்னலைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் திறப்பு. கேஸ் ஹீட்டர் போய்விட்டது. கரண்ட்டில் ஓடுவது வந்திருக்கிறது. மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. உரிமத்துக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

"விண்ணப்பிக்கணுமா?" என்றார்.

அந்தக் கடிதத்தை அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று கிளினிக்கில் ஒரு கேபிள் தொழிலாளி. மூன்று நாளில் இரண்டாவது தடவை. தலைவலி. டாக்டர் கண் பரிசோதனைக்கு எழுதி, ஊசி போட என்னிடம் அனுப்பினார்.

மருந்தை ஏற்றிக்கொண்டே, "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்றேன்.

"என் சம்சாரத்துக்கும் இருக்கு சிஸ்டர். பொண்ணு வேற காலைலேர்ந்து தூங்கி வழியுறா."

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். "குளிக்க வெந்நீர் எதுல போடுறீங்க?"

சிரித்தார். "தலைவலிக்கும் வெந்நீருக்கும் என்ன சிஸ்டர் சம்பந்தம்?"

புது வேலைக்காக வந்த குடும்பம். ஒரு வாரத்துக்கு அறை எடுத்திருக்கிறார்கள். கேஸ் ஹீட்டர். ஜன்னல் திறக்காதாம்.

அவர் கையில் போனைக் கொடுத்தேன். "குழந்தையைத் தூக்கிக்கிட்டு உடனே தெருவுக்கு வரச் சொல்லுங்க. எதையும் எடுக்க வேண்டாம்." டாக்டர் முதலில் முகம் சுளித்தார். நான் சொல்லி முடித்ததும் அவரே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் ஆய்வாளரைக் கூப்பிட்டேன்.

மூன்று பேருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன். நான்கு மணிக்குச் சின்னவள் எழுந்து உட்கார்ந்து செருப்பு எங்கே என்று கேட்டாள். ஐந்து மணிக்கு வெளியே அனுப்பினார்கள்.

அதே நேரம் ஆய்வாளரின் போன். "அக்கா, அது உரிமம் இல்லாத வீடு. கட்டிலுக்குப் பக்கத்துலயே ஹீட்டர். சீல் வெச்சாச்சு."

இதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

"அவங்க இனிமே எங்க தங்குவாங்க?" என்றேன்.

"அதுக்கு விதில ஒண்ணும் இல்லைக்கா."

"எங்க மாடி சும்மாதான் கிடக்கு. வாடகை வாங்க மாட்டேன்."

"சொந்தக்காரங்க வந்து தங்கினா அது எங்க கணக்குல வராதுக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு அவர்களோடு வந்தபோது, இவர் மாடியில் விரிப்பைத் தலைகீழாகப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, "யாராவது கேட்டா யாருன்னு சொல்றது?" என்றார்.

"என் தம்பி குடும்பம்னு சொல்லுங்க."

"உனக்கு ஏது தம்பி?"

"இன்னைக்கு அஞ்சு மணியிலேர்ந்து" என்றேன்.