ஒரே பெயர் இரண்டு முறை

என்னவருக்கு,

அவசரக்குடுக்கை எழுதிக்கொள்வது. நான் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இதுவரை ஒரு சாமானையும் தொலைக்கவில்லை. அங்கே உங்கள் முழங்கால் வலியும் நம் பூனையும் எப்படி என்று கேட்க வேண்டும். முழங்கால் வலியை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆகவே பூனையை மட்டும் விசாரிக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் முக்கியமான பேச்சை எடுத்தால் உடனே "சரி, வெச்சிடவா?" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உங்களால் முடியாது. வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திய மனிதர், எழுத்துப்பிழை தேடியாவது கடைசி வரி வரை வந்துவிடுவீர்கள். ஒற்று எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் சந்தோஷமாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

நாம் சேர்ந்து போவதாக இருந்த மூன்று நாடுகளில் இரண்டாவது நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பெண்கள் மட்டும் தங்கும் விடுதி அறை. கட்டில்கள் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கின்றன. எனக்குக் கீழ்க்கட்டில். மேலே படுப்பவள் கல்லூரியில் படிக்கும் பெண். அவளுக்கு மாடிக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். என் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. இரண்டு பேரின் அரைகுறை ஆங்கிலத்தையும் ஒட்டுப்போட்டு ஊர்க்கதையெல்லாம் பேசுகிறோம். அவளுடைய பையில் ஜிப் பிய்ந்திருந்தது. தைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து காலையில் எனக்கும் சேர்த்து காபி போடுகிறாள். காபி சுமார்தான். நீங்கள் போடுவதைவிடத் தேவலாம்.

விமான நிலையத்தில் அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாம் இன்னும் வாய் திறக்கவில்லை. நானே திறக்கிறேன். டிக்கெட் போடும்போது "குடும்பப் பெயர்" என்று கேட்ட இடத்தில் குடும்பத் தலைவர் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, எனக்கும் உங்கள் பெயர், உங்களுக்கும் உங்கள் பெயர் போட்டீர்கள். எனக்குச் சரியாகப் போயிற்று. பாஸ்போர்ட்டில் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டிலோ அந்த இடத்தில் உங்கள் அப்பா, அதாவது மாமா பெயர். டிக்கெட்டில் உங்கள் பெயரே இரண்டு தடவை. கவுண்டர் பெண் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "இது யாருங்க, அண்ணன் தம்பியா?" என்று கேட்டதும் உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அடுத்தவர் பெயரில் ஒரு கால் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற உங்களுக்கு உங்கள் பெயரே காலை வாரிவிட்டது. மாற்றித்தர நேரம் இல்லை என்றார்கள். "நீ போ. நான் அடுத்த விமானத்துல பின்னாலயே வரேன்" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டீர்கள்.

நானும் நம்பினேன். முதல் நாட்டில் வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் உங்கள் பெயர் கேட்டது. கொஞ்சம் கோணலாகத்தான் சொன்னார்கள், ஆனால் உங்கள் பெயர்தான். வந்துவிட்டார் என்று எழுந்து ஓடினேன். ஒவ்வொரு நடைமேடையாகப் போய் உங்கள் நீலச் சட்டையைத் தேடினேன். மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் தேடினேன். கடைசியில் ஓட்டுநரே இறங்கி வந்து, என் கையிலிருந்த டிக்கெட்டைத் தொட்டு, என்னைச் சுட்டிக்காட்டி உங்கள் பெயரைச் சொன்னார். கூப்பிட்டது என்னைத்தான். இந்த ஊர்களில் குடும்பப் பெயர்தான் ஆள். பேருந்து முழுக்க என்னைப் பார்த்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதேன்.

இப்போது பழகிவிட்டது. உங்களை "என்னங்க" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டறியாத நான், கவுண்டர் கவுண்டராக உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். சமையலறைக் குளிர்பெட்டியில் என் தயிர் டப்பாவின் மேல்கூட உங்கள் பெயர்தான்.

இனி நீங்கள் வரும்போது தெரிந்திருக்க வேண்டியவை. சட்டைக்கு உள்பக்கம் பாஸ்போர்ட் வைக்க ஒரு பை தைக்க வேண்டும். என் தையல் கடையில் அளவு எடுக்கிற பெண்ணிடம் கொடுங்கள், அவளுக்குத் தெரியும். பட்டன் வேண்டாம், ஜிப் போடச் சொல்லுங்கள். துணி குறைவாக எடுங்கள். தெருவுக்குத் தெரு காசு போட்டுத் துவைக்கிற கடை இருக்கிறது, பெட்டியை மாடிப்படியில் தூக்கத்தான் ஆள் இல்லை. எங்கே இறங்கினாலும் முதல் நாள் ஒன்றையும் சுற்றிப்பார்க்கக் கூடாது. விடுதித் தெருவில் மட்டும் நடந்து பால் எங்கே, மருந்துக்கடை எங்கே, திரும்பும் முனை எது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே கிளம்புமுன் விடுதி வாசலைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாய் பேசாவிட்டாலும் படம் பேசும். முதல் நாட்டில் கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த நாட்டிலோ வணக்கம் சொன்னால் என்ன வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள்! அப்புறம் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டுவிட்டுப் பிறகு திண்டாடாதீர்கள்.

நான் எத்தனையோ தடவை தப்பான வண்டியில் ஏறிவிட்டேன். ஒரு தடவை எதிர்த்திசையில் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அங்கே ஒரு குளம் இருந்தது. கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு அதே வண்டியில் திரும்பினேன். நீங்கள் போட்டுக்கொடுத்த திட்டத்தில் அந்தக் குளம் இல்லை. உங்கள் திட்டத்தைக் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் நான் முதல் ஊரிலேயே முழித்துக்கொண்டு நின்றிருப்பேன். தப்பு வந்தால் தலை போய்விடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் மகள் போனில், "அப்பாவுக்கு நானே டிக்கெட் போட்டுத் தர்றேம்மா, அவரை நம்பி விட்டா அவ்வளவுதான்" என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அப்பாவே போடுவார் என்றேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம். நீங்கள்தான் போட வேண்டும். குடும்பப் பெயர் என்ற இடத்தில் உங்கள் அப்பா பெயர். இந்தத் தடவை மாமாவும் உங்களோடு வரட்டும்.

கால் வலி, குழாய் ஒழுகுகிறது, பூனைக்கு ஆள் இல்லை என்று நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டேன். பூனையை எதிர்வீட்டு டீச்சர் பார்த்துக்கொள்வார், பேசிவிட்டேன். குழாய்க்காரரிடமும் சொல்லியாயிற்று. மிச்சம் இருப்பது வெட்கம் மட்டும்தான். அதற்கு நான் யாரை அனுப்புவது?

நேற்று நீங்கள், "தனியா கஷ்டமா இருந்தா சொல்லு, நான் வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றீர்கள். எவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்துச் சொன்னீர்களோ தெரியாது. கேட்டதும் மனசு இளகிவிட்டது. சரி வாங்க, கஷ்டமாகத்தான் இருக்கு என்று பொய் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்திலேயே ஏறியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கஷ்டமாக இல்லையே. நன்றாக இருக்கிறேன். நீங்கள் வராவிட்டாலும் மூன்றாவது நாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

ஆகவே என்னைக் கூட்டிக்கொண்டு போக வர வேண்டாம். நான் தொலைந்துபோகவில்லை. ஆனால் புதிதாக எதைப் பார்த்தாலும், "இங்கே பாருங்களேன்" என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர் யாரோ எவரோ, திகைத்துப்போகிறார். அந்த இடத்தில் வந்து நில்லுங்கள், போதும்.

உங்கள்,
அவசரக்குடுக்கை