பூர்ணிமாவின் மேல் ஒரு பிராது

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலமென்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயாவது அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு.

போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் இதை எழுதி எதிர்வீட்டு மோகனப்பிரியாவின் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். செராமிக் கம்பெனியில் லோடு சரிந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிற உன் தம்பி கொளஞ்சிக்கு முதுகில் ஸ்டெம்செல் ஊசி போட, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வருகிற வெள்ளிக்கிழமைக்கு அப்பா நாள் வாங்கிவிட்டார். நீ வேண்டாமென்றதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதோடு விட்டாரா? மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் முறையிடுகிற பிராதுச் சீட்டு எழுதி வேலில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். பிள்ளை நடக்க வேண்டுமென்று கட்டினால் சரி, இவர் உன் மேல் கட்டியிருக்கிறார்! நரம்பு முளைக்கிற மருந்த எம்பொண்ணு கையில வச்சிக்கிட்டு கூடப்பொறந்தவனுக்குக் குடுக்க மாட்டங்குறா, நீதான் சாமி கேக்கணும் என்று. பெத்த பொண்ணு மேல சாமிகிட்ட புகாரா, உங்களுக்கு புத்தி கெட்டுப்போச்சாங்க என்று கத்திவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு அழுகிறார், அதையும் பார்க்க முடியவில்லை.

நீ லீவில் வந்தபோது உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே, அந்த ஸ்டெம்செல் நரம்பாகவும் ஆகும், நரம்பைத் தாங்குகிற வேறு செல்லாகவும் ஆகும், அடங்காமல் பெருகிக் கட்டியாகவும் ஆகிவிடும், செல்லின் மேல்பக்கத்து ஏற்பிகள் வெளியிலிருந்து என்ன சேதி வாங்குகின்றனவோ அதைப் பொறுத்தது, எந்த ஏற்பி இருந்தால் எதுவாக ஆகும் என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று. சூளையில் வைக்குமுன் பச்சைக் கோப்பைகளில் எது வெடிக்குமென்று பார்த்தால் தெரியாதே, அந்த மாதிரியா என்றேன், ஆமாம்மா என்றாய். அதை நினைத்துக்கொண்டு, நாள் வாங்க அப்பாவோடு போனபோது ஆஸ்பத்திரியில், எந்த செல்லுன்னு பாத்துதான் போடுறீங்களா என்று கேட்டேன். அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, கையெழுத்து போடுங்க என்றார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது பூர்ணிமா.

கொளஞ்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அக்கா வேணாம்னா வேணாம்மா, ஆனா அது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே என்கிறான். உண்மைதானே? எங்களிடம் சொன்னாய், அவன் கேட்டால் மட்டும் ஆராய்ச்சி நடக்குதுடா, பாக்கலாம்டா என்று இழுக்கிறாய். நீ பாக்கலாம் என்பதை வைத்துக்கொண்டுதான் அவன் தினமும் விடிந்ததும் கால் விரலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான். உன் வேலை இன்றைக்கு அவனுக்கு உதவாதென்றால், உதவாது என்று நீயே சொல்லிவிடு. அழுவான், அழட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன்.

வியாழக்கிழமை இருட்டுவதற்குள் அவன் போனுக்கே கூப்பிடு, அப்பா போனுக்கு வேண்டாம். பழமலைநாதர் உனக்குத் துணையிருந்து நாக்கில் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும் அம்மா,
செல்வநாயகி
விருத்தாசலம்